பெட்டி பூப்பின் நாய்க் காதலன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க கார்ட்டூன்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யூடியூபில் பெட்டி பூப் என்கிற கார்ட்டூன் பெண்ணின் படங்களைத் தேடிப் பார்த்தேன். 1933 பெட்டிக்கும் 1937 பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. தணிக்கைதான் காரணம் என்கிறார்கள். குழந்தைகள் பார்க்கிற படம்தானே, கொஞ்சம் கத்தரி போட்டதில் என்ன குறைந்துவிட்டது? பழையதை என் பையனுக்குக் காட்டலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அவை குழந்தைகளுக்கென்று எடுத்த படங்களே அல்ல. அன்றைக்குக் கார்ட்டூன் என்பது தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் எல்லோருக்கும் போடும் ஏழெட்டு நிமிடச் சமாச்சாரம். நியூயார்க்கில் பெட்டியைப் படைத்த ஃப்ளைஷர் சகோதரர்கள் அதை ஜாஸ் பாட்டும் இரட்டை அர்த்தமுமாக எடுத்துத் தள்ளினார்கள்.

ஹேஸ் விதிகள், அதாவது ஹாலிவுட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள், 1930இலேயே வந்துவிட்டன. பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1934 ஜூலையில், அவற்றை அமல்படுத்த வந்த ஜோசப் பிரீனின் அலுவலகம் முத்திரை குத்தாத படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம் என்றானது. அப்புறம்தான் பெட்டியின் பாவாடை இறங்கியது, கழுத்து மூடிக்கொண்டது, தொடையில் தெரிந்த கார்ட்டர் பட்டை காணாமல் போனது. காதலன் பிம்போவும் போனான். அவன் ஒரு நாய். பெட்டியே முதலில் நாய்க்காதுகளோடு வந்தவள்தான். 1932இல் காதுகள் வளையக் கம்மலாகி மனுஷியானாள். மனுஷிக்கு நாய்க் காதலன் ஆகாதே! பட்ஜி என்று ஒரு நாய்க்குட்டி வந்தது, வளர்ப்புப் பிராணியாக.

உடை மாறியதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கிறுக்குத்தனம் போனதுதான் நஷ்டம். 1933இல் வந்த பெட்டியின் ‘ஸ்னோ ஒயிட்’டில் கோகோ கோமாளி நீளக்கால் பேயாகி, ஜாஸ் பாடகர் கேப் கேலோவேயின் குரலில் சாவுப் பாட்டு பாடிக்கொண்டே போவான். பாட்டு வரியில் தங்கக் காசு வந்தால் காசாவான், சாராயம் வந்தால் பாட்டிலாவான். 1937இன் ‘ஹவுஸ் கிளீனிங் புளூஸ்’ஸில் பெட்டி விருந்து முடிந்த வீட்டைச் சுத்தம் செய்ய முடியாமல் அலுத்துப்போக, கிராம்பி தாத்தா வந்து எந்திரம் செய்து தருகிறார். பார்க்கலாம், மோசமில்லை. 1939இல் தொடரே நின்றுவிட்டது.

கத்தரி எங்கே விழவில்லை என்பதையும் பாருங்கள். 1931இல் மிக்கி மவுஸ் படத்துப் பசுவின் மடிக்குக்கூடத் தடை வந்தது. மடியைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, கறுப்பர்களைத் தடித்த உதடும் உருட்டு விழியுமாக வரைந்தது மட்டும் தெரியவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. 1968இல்தான், வார்னர் நிறுவனத்தின் பழைய கார்ட்டூன்களுக்கு உரிமை வைத்திருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், அப்படிப்பட்ட 11 படங்களை டிவிக்குக் கொடுக்காமல் நிறுத்தியது. ‘டாம் அண்ட் ஜெர்ரி’யின் கறுப்பினப் பணிப்பெண்ணையோ, 60களில் சில படங்களில் டிவிக்காக வெள்ளைக்காரியாக மாற்றி வரைந்து குரலையும் மாற்றினார்கள். இது மோசடி. பிற்பாடு வார்னர் டிவிடிகளில் படத்தை வெட்டாமல் போட்டு, இந்தச் சித்திரிப்பு அன்றும் தவறு இன்றும் தவறு என்று முன்னால் எழுதிவைத்தார்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் பையனுக்கு ‘ஸ்னோ ஒயிட்’டைத் தாராளமாகக் காட்டலாம். பேய்க்குப் பயப்படுகிற வயது என்றால் நீங்களும் கூட உட்காருங்கள்.