மொட்டைக் காட்டில் பூ பார்க்கப் போகலாமா?

காரிமங்கலத்து வாசகர் ஒருவர், பங்குனியில் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி வழியாகக் காட்டுப் பூக்களைப் பார்க்கச் செல்ல விரும்புவதாக எழுதியிருக்கிறார். காடு காய்ந்து கிடக்கும் காலத்தில் போவது வீண்தானா, உள்ளே அழைத்துச் சென்று காட்டுவதாகச் சொல்லி ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்பவரை நம்பலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

வீண் இல்லை. நம் பக்கத்துக் காடு இலையுதிர் காடு; தண்ணீரைச் சேமிக்க மரங்கள் இலையைக் கழித்துவிட்டு நிற்கும் மாசி, பங்குனியில்தான் பெரிய பூக்கள் மலர்கின்றன. இலை மறைக்காததால் தேன் தேடி வரும் பறவைகளுக்கும் சாலையில் நிற்கும் நமக்கும் அவை தொலைவிலிருந்தே தெரியும். கிளை முழுவதும் செம்மஞ்சளாக எரிவது புரசு. முள் நிறைந்த அடிமரத்தின் கீழே தடித்த சிவப்பு இதழ்கள் கொட்டிக் கிடந்தால் அது முள்ளிலவு. அதைத் தேட அண்ணாந்து பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பது எளிது. பாறைச் சரிவில், இலையற்ற கிளை நுனிகளில் மட்டும் பெரிய மஞ்சள் பூ தெரிந்தால் கோங்கிலவு.

மொட்டை மரங்களை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், ஏனெனில் புங்கை இந்தக் கணக்கில் சேராது. அதுவும் இலையை உதிர்க்கும். ஆனால் சில நாட்களிலேயே பளபளக்கும் தளிரை விட்டு, அந்தத் தளிரோடு சேர்ந்தே பூக்கும். வெளுத்த ஊதா நிறத்தில் சிறிய பூக்களாக இருப்பதால் காரில் விரைபவர்கள் வெறும் பச்சை மரம் என்று கடந்துவிடுவார்கள். இறங்கி நின்றால் காலடியில் பூ பரவியிருப்பதும், தலைக்கு மேல் தேனீ இரைவதும் புரியும். ஊர்களையொட்டிய சாலையோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இருப்பதால் பெற்றோர் நிழலில் உட்கார்ந்து பார்க்க இதைவிட ஏற்ற மரம் இல்லை.

இனி அந்த ஆயிரம் ரூபாய்க்காரர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரியோரக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என வன உயிரினச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். பிடிபட்டால் அபராதம் கட்டுவது நீங்கள். அவர் அந்நேரம் அங்கே இருக்கமாட்டார். “எனக்கு ரேஞ்சரைத் தெரியும்” என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. மேலும் இது காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் தீயில் சிக்கி மாண்டதை மறந்துவிட்டு இன்றும் இந்த வியாபாரம் நடக்கிறது. வனத்துறையே 2024இல் தொடங்கிய இணையவழி மலையேற்றத் திட்டத்தின் தடங்களும் இந்தக் காலத்தில் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும்போது, இவர் மட்டும் எந்த வழியாக அழைத்துச் செல்வார்? இத்தகையவர்கள் ‘வனமலர்ப் பள்ளத்தாக்கு’ என்று காட்டுவது பல வேளைகளில் உண்ணிச்செடிப் புதராகவே இருக்கும். தோட்ட அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்து, காட்டுப் புல்லை அழித்துப் பரவிய களை அது. அதன் பூவைப் பார்க்கக் காசு வேண்டாம், உங்கள் ஊர் வேலியிலேயே இருக்கும்.

இவர்களுக்குப் பிழைப்பு கிடைப்பதில் அரசுக்கும் பங்கு உண்டு. முறையாக அனுமதி கேட்பவரை வனச்சரக அலுவலகம் அதற்கு மேலுள்ள கோட்ட அலுவலகத்துக்கும், கோட்ட அலுவலகம் மீண்டும் சரகத்துக்கும் அலைய வைத்தால், அவர் தரகரிடம்தான் போய் நிற்பார். வழியெங்கும் ‘நுழையாதே’ என்று பலகை வைக்கத் தெரிந்த துறைக்கு, சாலையோரப் புரசு மரத்தில் அதன் பெயரை எழுதி ஒரு தகடு மாட்டத் தோன்றவில்லை.

உங்கள் தேவைக்குப் பொதுச்சாலையே போதும். மாசி நடுவிலிருந்து பங்குனி நடுவுக்குள் காலையிலேயே புறப்படுங்கள். வளைவுகளில் நிறுத்தாமல், ஊர்களை ஒட்டிய திறந்த இடங்களில் மட்டும் இறங்குங்கள். கோடையில் தண்ணீர் தேடி யானைகள் சாலையைக் கடக்கும் என்பதால் மாலை நான்கு மணிக்குள் காட்டுச் சாலையைத் தாண்டிவிட வேண்டும். சரக்கொன்றைதான் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் பயணத்தைச் சித்திரைக்குத் தள்ளி வையுங்கள், பங்குனியில் அது பூத்திருப்பது அரிது.