ஒரு இழுப்பு, ஐந்து வேலை: ரைஃபிள் தோட்டா ரீலோடிங் கேள்வி பதில்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகும் நம்மவர்கள் சிலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பப் புரோகிரஸிவ் பிரஸ் வாங்கியிருக்கிறார்கள். ஒற்றை நிலை பிரஸ்ஸில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. இதிலோ சுழலும் ஷெல் பிளேட்டில் நான்கைந்து கூடுகள் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு கூடு பழைய அளவுக்குச் சுருங்கும், அடுத்ததில் பவுடர் (வெடிமருந்து) விழும், அதற்கடுத்ததில் குண்டு அமரும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ஒழுங்காக ஓடிய இயந்திரம் ரைஃபிளுக்கு மாறியதும் முரண்டு பிடிக்கிறது என்பதுதான் வந்த கேள்விகள் பலவற்றின் சாரம். பவுடர் எத்தனை கிரெயின் (எடை அளவு) என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதற்குப் பவுடர் தயாரிப்பாளர்களின் அச்சிட்ட கையேடு இருக்கிறது.

ஹூஸ்டனிலிருந்து ஒருவர்: .223 ரைஃபிள் கூடு, அளவுபடுத்தும் டைக்குள் (கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சுக்குள்) சிக்கிவிட்டது. கைப்பிடியில் தொங்கியும் வரவில்லை. கூட்டின் விளிம்புதான் பிய்ந்தது. டையைத் தூக்கி எறிய வேண்டியதுதானா?

வேண்டாம். தொங்குவதை மட்டும் நிறுத்துங்கள். டையின் நடுத்தண்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே ஏற்றிவிட்டு, டையைக் கழற்றிப் பட்டறைப் பிடியில் தலைகீழாக மாட்டுங்கள். கூட்டின் அடியில் பிரைமர் (தட்டினால் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருந்த குழி வழியாகத் துளையிட்டு, மரை வெட்டி, ஒரு கால் அங்குல போல்ட்டை முடுக்கி இழுத்தால் கூடு வந்துவிடும். இதற்கென்றே சிறு கருவித் தொகுப்பு கடைகளில் கிடைக்கிறது. நான் முதலாண்டிலேயே அதை வாங்கினேன், ஒரே மாதத்தில் மூன்று முறை பயன்படுத்தினேன். அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

காரணம் மசகுதான். கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு கார்பைடு டை இருந்தால் மசகு இல்லாமலே ஓட்டலாம். கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டில் அந்தச் சலுகை கிடையாது. லானோலினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிக்கிறீர்கள் என்றால், ஆல்கஹால் முழுக்க உலரும்வரை சில நிமிடங்கள் பொறுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஏற்றுவதால்தான் பாதிப் பேருக்குச் சிக்குகிறது. கழுத்தின் உட்புறத்திலும் கொஞ்சம் படட்டும். அதற்காகக் குளிப்பாட்டவும் கூடாது. மிதமிஞ்சினால் கூட்டின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே உள்ள சரிவில், பள்ளம் விழும். சுடுவதற்கு முன் மசகைத் துடைத்தே ஆக வேண்டும். வழுக்கும் கூடு, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரைப் பற்றாமல், அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் கூடுதல் சுமையை ஏற்றும்.

ஒஹாயோவிலிருந்து: பிரைமர் சில கூடுகளில் முழுதாக அமர மறுக்கிறது. ஓங்கி அழுத்தினால் நசுங்குகிறது. பிரஸ் கோளாறா?

கூடுகளின் அடியைப் பாருங்கள். ராணுவக் கூடாக இருந்தால் பிரைமரைச் சுற்றி ஒரு வளையம் நெரிக்கப்பட்டிருக்கும். அந்த நெரிப்பை அகற்றாமல் புதுப் பிரைமர் உள்ளே போகாது. அகற்றவென்றே கருவிகள் உண்டு. ராணுவக் கூடுகளை முதலிலேயே தனி டப்பாவில் பிரித்து வையுங்கள்.

எல்லாக் கூட்டிலும் இதே கதை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஷெல் பிளேட்டின் நடு போல்ட் தளர்ந்தால் பிளேட் சாயும், பிரைமர் கோணலாக ஏறும். பிரைமர் ஏறும் தண்டின் அடியில் சிந்திய பவுடர் துகள் ஒன்று கிடந்தாலும் போதும், ஆழம் குறைந்துவிடும். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளடங்கி இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினாலே மேடு தெரியும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஏஆர்-15 வகை ரைஃபிளில் பிரைமரைத் தட்டும் சுடுமுனையைப் பின்னிழுத்து வைக்கும் ஸ்பிரிங் இல்லை. துப்பாக்கியின் போல்ட் மூடும் வேகத்தில் முனை பிரைமரை லேசாகத் தொடும். மேடாக நிற்கும் பிரைமரில் அந்தத் தொடுகையே வெடியாக மாறலாம்.

பிரைமர் சிக்கியது என்று தெரிந்த பிறகும் பலத்தைக் கூட்டாதீர்கள், தம்பி. அது தட்டினால் வெடிப்பதற்கென்றே செய்த பொருள்.

டென்வரிலிருந்து: ஐம்பது தோட்டாவில் ஏழெட்டு அறைக்குள் போக மறுக்கின்றன. டையை இன்னும் கீழே இறக்கினேன், பயனில்லை.

கண்ணை மூடிக்கொண்டு டையை இறக்குவது வேண்டாத வேலை. எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிரைமரும் பவுடரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை அதே பிரஸ்ஸில் செய்து, கறுப்பு மார்க்கரால் முழுக்கப் பூசி, அறையில் நுழைத்து எடுங்கள். மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் சிக்கல்.

குண்டின் வளைவில் தேய்ந்திருந்தால் குண்டு மேலே நிற்கிறது. தோளின் சரிவில் தேய்ந்திருந்தால் தோள் போதுமான அளவு பின்தள்ளப்படவில்லை. தோளுக்கும் உடலுக்கும் சேரும் மூலையில் மட்டும் மோதிரம் போலத் தேய்ந்திருந்தால், அளவுபடுத்தும் டையின் மேல் பழி போடாதீர்கள். குற்றவாளி இரண்டு நிலை தாண்டி நிற்கிறது: கூட்டின் வாயை நெரிக்கும் கிரிம்ப் டை. சுட்ட கூடுகளின் நீளம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சராசரிக் கூட்டுக்கு கிரிம்ப்பைச் சரிசெய்துவிட்டு, நீளமான ஒன்று வந்தால் வாய் முன்கூட்டியே முட்டும். போக இடமில்லாமல் தோள் வெளியே பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாத பிதுக்கம், ஆனால் அறைக்குத் தெரியும். .223 கூட்டின் உச்ச நீளம் 1.760 அங்குலம், வெட்ட வேண்டிய நீளம் 1.750. உங்கள் ஏழெட்டுத் தோட்டாவும் நீளமான கூடுகளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

தோள்தான் காரணம் என்றால், உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூட்டை அளந்து, அதிலிருந்து 0.003 அங்குல அளவுக்குப் பின்தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் நாலைந்து சுடுதலிலேயே கூடு அடிப்பக்கம் விரிசல் காட்டும்.

இதனால்தான் ரைஃபிள் கூட்டை ஒரே ஓட்டத்தில் முடிக்க ஆசைப்படாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதல் ஓட்டத்தில் அளவுபடுத்தல் மட்டும். பிறகு நீளம் வெட்டி, மசகைக் கழுவுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் பிரைமர், பவுடர், குண்டு. நேரம் இரட்டிப்பாகும்தான், ஆனால் தோட்டாக்களைப் பிரித்தெடுக்கும் வேலை மிச்சம்.

டாலஸிலிருந்து: பவுடர் அளவு ஒருமுறை கூட, ஒருமுறை குறைய விழுகிறது. மேசை முழுக்கத் துகள் வேறு.

இவை இரண்டு தனித் தொல்லைகள். அளவு மாறுவது பவுடரின் வடிவத்தால். உருண்டைப் பவுடர் மணல் போல வழியும். குச்சிப் பவுடர் புனல் வாயில் குறுக்கே பின்னிப் பாலம் கட்டும்; ஒரு கூட்டில் குறைந்து, அடுத்ததில் சேர்ந்து கொட்டும். .223 கூட்டின் வாய் சிறிது என்பதால் அதில் இது அதிகம். நல்லெண்ணம் என்று நினைத்துப் பவுடர் கலத்தைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்பையும் ஒரே வேகத்தில் செய்து, உச்சியில் ஒரு கணம் நிறுத்துங்கள். பத்துக்கு ஒன்றைத் தராசில் வையுங்கள்.

துகள் சிந்துவது தானே சுழலும் பிளேட்டால். நிலை மாறும் கடைசிக் கணத்தில் பிளேட் சடாரென்று பூட்டும். விளிம்புவரை நிரம்பிய கூடு துள்ளும். மெதுவாக இழுங்கள். பூட்டும் குண்டுமணியின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினாலும் குறையும்.

பாலத்தின் இன்னொரு ஆபத்து வெறும் கூடு. .223-இல் சாதாரண அளவே கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடுவதால் இருமடங்கு விழுந்தால் வழிந்து தெரியும், குறைவு தெரியாது. குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். விளக்கொன்று பிரஸ்ஸில் மாட்டுங்கள். .300 பிளாக்அவுட் என்ற ரைஃபிள் தோட்டா செய்பவர்களுக்கு இந்த ஆறுதலும் இல்லை. அதன் மந்தவேகத் தோட்டாக்களுக்குச் சிறிதளவு வேகப் பவுடர்தான். இருமடங்கு விழுந்தாலும் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

தோட்டாக்களின் மொத்த நீளம் 0.008 அங்குலம் வரை மாறுகிறதே?

குண்டின் நுனியை அளக்கிறீர்கள். நுனி ஒவ்வொன்றிலும் மாறும். வளைவில் பொருந்தும் கம்பேரேட்டரால் அளந்து பாருங்கள். அப்படியும் மாறினால், ஒரே ஒரு கூட்டை வைத்து டையைச் சரிசெய்திருப்பீர்கள். எல்லா நிலையிலும் கூடு நிற்கும்போது சுமை கூடிப் பிளேட் வேறு மாதிரி வளையும். பிளேட் நிரம்பிய நிலையில் டையைச் சரிசெய்யுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: இங்கே ஒரு பிரஸ் தருவிக்கலாமா, அண்ணா?

தோட்டா தயாரிப்பதற்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். சுடுவதற்கான உரிமம் இதற்குச் செல்லாது. படித்து ரசியுங்கள்.

ஆஸ்டினிலிருந்து: பிரைமர் குழாயில் நடுவில் அடைப்பு. கம்பியால் குத்தலாமா?

கூடவே கூடாது. ஒன்று வெடித்தால் குழாயில் இருப்பவை எல்லாம் சேர்ந்து வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயைக் கழற்றித் தலைகீழாக்கி லேசாகச் சரியவிடுங்கள். விழாவிட்டால் உள்ளே கொஞ்சம் ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஆளில்லாத இடத்தில் வைத்துவிட்டு, வேறு குழாய் வாங்குங்கள்.