மாமியாரின் கட்டிலை அறுக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில், மாமனார் காலத்து ஓட்டு வீட்டில் இருக்கிறோம். நான்கு லட்ச ரூபாய்க்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஹாலில் பழைய குழித்தறி ஒன்று ஓடாமல் கிடக்கிறது. மாமியாரின் தேக்குக் கட்டிலை அறுத்து ஹாலுக்குப் பெஞ்சு செய்யலாம் என்பது என் யோசனை. நாத்தனார் கூடாது என்கிறார். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள். அங்கே ஈட்டி மர அலமாரி 18,000 ரூபாய்க்கு வருகிறது. என் கணவரோ, "பழசையெல்லாம் தள்ளிவிட்டு மாடுலர் போட்டுக்கொள்வோம், வீடு காயலான் கடையாக வேண்டாம்" என்கிறார். என்ன செய்யட்டும்? - வாசகி, அம்மாபேட்டை.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கட்டிலில் கை வைக்காதீர்கள். தாயின் கட்டிலில் மகளுக்கும் பாத்தியதை உண்டு. ரம்பம் பட்ட பிறகு அந்தப் பேச்சை எந்தப் பெரியவராலும் முடித்துவைக்க முடியாது. நாத்தனாரை ஒரு நாள் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி, வேண்டுமானால் கட்டிலை எடுத்துக்கொள்ளட்டும் என்று நேரில் கேளுங்கள், போனில் வேண்டாம். வேண்டாம் என்றால் உங்கள் வீட்டிலேயே முழுதாகக் கிடக்கட்டும். பழைய கட்டிலுக்குக் கடை மெத்தை சேராது என்பது ஒரு தொல்லைதான். உள் அளவை எடுத்துக் கொடுத்தால் இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர்கள் அதே அளவுக்குத் தைத்துத் தருவார்கள்.

உங்களுக்கு வேண்டியது பெஞ்சுதானே? யாரும் பங்கு கேட்காத மரம் ஹாலிலேயே நிற்கிறதே. தறியின் கால்கள் கனத்த மரம். இத்தனை வருட அடியையும் அதிர்வையும் தாங்கி நின்றவை பெஞ்சுக்குக் கால்களாக நிற்காதா? மேலே போட ஒரு பழைய கதவுப் பலகை போதும். ஆசாரி இழைப்புளியை எடுக்கும் முன் மரத்தின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தறி மரத்துக்குள் எந்தக் காலத்திலோ அடித்த ஆணிகள் தலை தெரியாமல் புதைந்திருக்கும். ஒன்று பட்டாலும் உளியின் வாய் போய்விடும், அந்தக் கோபம் கூலியில் ஏறும்.

நெய்த துணியைச் சுற்றும் படமரத்தை மட்டும் வெட்டாமல் வையுங்கள். துணி உரசி உரசி அதற்கு ஏறியிருக்கும் வழவழப்பை எந்த பாலிஷும் கொடுக்காது. முனையில் கழி செருகித் திருப்பும் துளைகள் இருக்கும். அவற்றை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டால்தான் ஆசாரிக்கு வேலை முடிந்த திருப்தி வரும், விடாதீர்கள். நடைச் சுவரில் குறுக்காகப் பொருத்தி நான்கு பித்தளைக் கொக்கிகள் அடித்தால் பையும் குடையும் மாட்ட ஆகும்.

தறியை எடுத்தால் குழி மிச்சம். இங்கேதான் பல வீடுகளில் காசு வீணாகிறது. மண்ணைக் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் மண் இறங்கி, டைல்ஸ் தட்டினால் டொக் டொக் என்கிறது. அரை அடி கிராவல், தண்ணீர், திமிசுக் கட்டையால் இடி. மறுபடி அரை அடி, தண்ணீர், திமிசு என்று அடுக்கடுக்காக இறுக்கச் சொல்லுங்கள். அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், எட்டு பங்கு ஜல்லி என்ற கலவையில் நாலு அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டு, அது நன்றாக இறுகிய பிறகே தரை. ஹாலின் மற்றப் பகுதியில் பழைய சிவப்பு சிமெண்ட் தரை விரிசல் இல்லாமல் இருக்கிறதா? அப்படியானால் குழி இருந்த இடத்தில் மட்டும் வேறு நிறத்தில் போடுங்கள். ஒரே நிறத்துக்கு எவ்வளவு முயன்றாலும் ஒட்டு தெரியும். தெரிந்தே வேறாகப் போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஹால் முழுக்க டைல்ஸ் போடும் செலவும் மிச்சம்.

இனி அலமாரி. ஆங்கிலேயர் காலத்தில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரிட்டது 1820களில். அதற்காக அந்த மலையிலிருந்து இறங்கும் நாற்காலி, மேஜை எல்லாவற்றுக்கும் இருநூறு வயது ஆகிவிடாது. விற்பவர் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று தொடங்கினால் சிரித்துக்கொண்டே இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்துவிடுங்கள். பாலிஷ் படாத அடிப்பக்கம் பொய் சொல்லாது. ஈட்டி என்றால் ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடு ஓடும். தூக்கினால் கை சொல்லிவிடும். காபிக்கு நிழலாக அங்கே வளர்க்கும் சில்வர் ஓக் வெளிறிய மரம். கறுப்பு பாலிஷ் ஏற்றினால் முன்பக்கத்தில் அதுவும் ஈட்டிதான். முதுகுப் பலகை பிளைவுட்டாக இருந்தால், கேட்ட விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள்.

அடுத்தது வண்டு. காலடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, அலமாரியின் கால்களையும் மூலைகளையும் கட்டையால் தட்டுங்கள். குண்டூசித் தலை அளவுத் துளைகள் இருப்பது மட்டும் குற்றமில்லை, அவை என்றோ உளுத்து நின்றவையாக இருக்கலாம். தாளில் மாவுபோல் புதுத்தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது. ஓட்டு வீட்டில் தலைக்கு மேல் சட்டமும் ரீப்பரும் மரமாக இருக்கும்போது அந்த வாடகைக்காரரை அழைத்து வராதீர்கள். வைரம் பாய்ந்த நடுப்பகுதியை வண்டு பெரும்பாலும் தொடாது. அதைச் சுற்றியுள்ள வெளிறிய மரத்தைத்தான் தின்னும்.

மரம் நன்றாகவே இருந்தாலும் ஒன்று பாக்கி. ஏற்காடு கடல்மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே, மூடுபனியில் ஊறும் ஊர். நம் ஊர்ப் பங்குனி வெயில் உங்களுக்கே தெரியும். கீழே வந்ததும் மரம் ஈரத்தை விட்டுச் சுருங்கும். கதவுப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே பாலிஷ் காணாத வெளிர்கோடு தலைகாட்டும். வந்த மறுநாளே ஆசாரியை அழைத்து இழைக்கவும் பாலிஷ் போடவும் சொல்லாதீர்கள். நேர்வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு மாதம் சும்மா நிற்கட்டும். பிறகு கதவைச் சரிசெய்யும்போது ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிய கனத்துக்கு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்ளும்.

18,000 என்பது அலமாரியின் விலை மட்டும். கண்ணாடியையும் கதவையும் கழற்றித் தனியாகக் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கும் வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, ஆசாரி, பாலிஷ் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆனால் விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் நிலைவாசலின் உயரத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு மலையேறுவது. பங்களாவின் உயரத்துக்குச் செய்த அலமாரி ஓட்டு வீட்டு வாசலில் நுழையாமல் திண்ணையிலேயே நின்றுவிடும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. பழசு என்பதற்காக மட்டும் ஒரு சாமான் வீட்டில் இடம் பிடிக்கக் கூடாது. உட்கார, மாட்ட, பூட்டி வைக்க ஏதாவது ஒன்றுக்கு உதவவேண்டும். சமையலறையில் அவர் கேட்கும் மாடுலரைப் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மட்டும் துகள் பலகை (பார்ட்டிகிள் போர்டு) வேண்டாம், ஈரம் பட்டால் உப்பிவிடும். ஆனால் வயர், சுவிட்ச், தண்ணீர்க் குழாய் இவற்றில் பழசுக்கு இடமே இல்லை. நான்கு லட்சத்தில் முதல் பங்கு ஓட்டின் ஒழுகலுக்கும் வயரிங்குக்கும் போகட்டும், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்தடுப்பான் உட்பட. பங்களாவில் பித்தளைத் தொங்கு விளக்கு கிடைத்தால் வாங்கலாம். உள்வயரையும் ஹோல்டரையும் மாற்றி, உடலுக்கு எர்த் கொடுக்காமல் மாட்டக் கூடாது.

வீட்டின் பழைய கதவு ஜன்னல்களை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் என்ன இருக்கிறதோ! நனைத்துச் சுரண்டி, தூளைத் துடைத்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகள் அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

கொத்தனார் வருவதற்கு முன்பே எந்தச் சாமான் எங்கே என்று முடிவாகிவிட வேண்டும். அலமாரிக்குச் சுவரில் மாடம் விடுவதா, படமரத்துக்குத் திருகு எங்கே என்பதெல்லாம் பூச்சு முடிந்த பிறகு பேசினால் இரட்டைச் செலவு. காயலான் கடைக்காரரை எல்லாவற்றுக்கும் கடைசியில் கூப்பிடுங்கள். அவர் மொத்தமாக ஒரு விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், பித்தளையையும் இரும்பையும் தனித்தனியாக எடைபோடச் சொல்லுங்கள்.