5 ஹெச்.பி. போட்டால் ஆழத்துத் தண்ணீர் மேலே வருமா?

கேள்வி: அண்ணாச்சி, மானூர் பக்கம் எங்களுக்கு 60 அடி ஆழத்தில் ஒரு தோட்டக் கிணறு. மார்கழியில் தண்ணீர் 15 அடியில் நிற்கும், சித்திரையில் 38 அடிக்கு இறங்கிவிடும். மேலே ஷெட்டில் 3 ஹெச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) ஓடுகிறது. பங்குனி பிறந்தாலே கடகடவென்று சத்தம், அப்புறம் சொட்டுத் தண்ணீர் வராது. கடையில் 5 ஹெச்.பி. போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. 5 இல்லை, 10 ஹெச்.பி. வாங்கி வைத்தாலும் ஷெட்டில் இருந்துகொண்டு அது 38 அடித் தண்ணீரை எடுக்காது.

மோட்டார் இழுக்கிறது என்று சொல்கிறோமே தவிர, அது செய்வது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்துகிற வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாயில் ஏற்றிவிடுகிறது. அந்தக் காற்றின் பலமே சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடித் தண்ணீருக்குத்தான். அதிலும் புட்வால்வு (குழாயின் அடி நுனியில் இருக்கும் வால்வு), பெண்டு (குழாய் வளைவு), குழாய் உரசல் எல்லாம் தங்கள் பங்கைக் கழித்துக்கொள்ளும். பம்பு வாயிலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும். கடைசியில் நம்பி எடுக்கக்கூடிய ஆழம் 20, 22 அடி. இதைத்தான் சக்‌ஷன் ஹெட் என்கிறார்கள்.

பங்குனியில் கேட்கிற சத்தத்துக்கும் இதுதான் காரணம். அழுத்தம் மிகவும் குறையும்போது தண்ணீர் சூடாகாமலே ஆவிக் குமிழிகளாகி, இம்பெல்லரில், அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்தில், மோதி உடைகிறது. கழற்றிப் பாருங்கள், ஓரமெல்லாம் பொத்தல் பொத்தலாக அரித்திருக்கும்.

பெரிய மோட்டார் இதை இன்னும் மோசமாக்கலாம். அதே குழாயில் அதிகத் தண்ணீர் ஓடும். வேகம் இரு மடங்கானால் உரசல் ஏறக்குறைய நான்கு மடங்கு. பங்குனியில் நிற்பது மாசியிலேயே நின்றுவிடும். ஹெச்.பி. உதவுவது தண்ணீரைப் பம்பிலிருந்து மேலே தள்ளுவதற்கு மட்டும்தான்.

மோட்டாரைக் கிணற்றுக்குள் 20 அடியில் திட்டு கட்டி இறக்கலாம். 38 அடித் தண்ணீருக்கு அங்கிருந்து 18 அடிதான் இழுக்க வேண்டிவரும். ஆனால் உங்களுக்கு மார்கழியில் தண்ணீர் 15 அடியில் நிற்கிறதே! ஐப்பசி மழையில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறினால் மோட்டார் குளித்துவிடும். வருஷா வருஷம் ஏற்றி இறக்க ஆளும் சங்கிலியும் தேடுவதற்கு, தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் வாங்குவதே என் கட்சி. அதற்கு சக்‌ஷன் பிரச்சினையே கிடையாது, தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற வேலையும் இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே தலை நீட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஹெச்.பி. கேட்காதீர்கள், மொத்த ஹெட் கேளுங்கள், அதாவது தண்ணீரை மொத்தம் எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்ற கணக்கு. 38 அடி, தரைக்கு மேலே தொட்டி 12 அடி, குழாய் உரசலுக்கு 10 அடி என்றால் 60 அடி, சுமார் 18 மீட்டர். மழைக்காலத்தில் இதுவே 11 மீட்டராகிவிடும். பெயர்ப்பலகையில் ஹெட் ரேஞ்ச் என்று இருக்கும். இந்த இரண்டும் அதற்குள் வர வேண்டும். ரேஞ்சுக்குக் கீழே ஓடினால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சுடும். ஐ.எஸ். 14220 என்ற தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் அப்போதும் 5 ஹெச்.பி.தான் என்று நின்றால், ‘38 அடி சக்‌ஷனில் தண்ணீர் எடுக்கும்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்.

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டுச் சம்ப்பில் 1 அங்குல சக்‌ஷன் குழாயை முக்கால் அங்குலமாக மாற்றினால் நன்றாக இழுக்கும் என்கிறார் பிளம்பர். சரியா?

பதில்: தப்பு. சக்‌ஷனில் குழாயை ஒரு சைஸ் பெரிதாக்கலாமே ஒழியக் குறைக்கக் கூடாது. இப்போது சரியாக ஏறவில்லையென்றால் முதலில் புட்வால்வில் தூசி அடைத்திருக்கிறதா, ஜாயிண்டில் காற்று பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.