சட்ட ஆய்வு: முதலில் தேதியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகள், அதிலும் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி போன்றவை) இருந்தபடி காத்திருக்கும் தம்பிகள், ‘இப்போதே எதைப் படிக்கலாம்?’ என்று கேட்கிறார்கள். தடித்த பாடநூல் வாங்க அவசரம் வேண்டாம். தேடிப் பழகுங்கள். முதலாண்டில் திணறும் பலருக்குச் சட்டம் புரியாமல் இல்லை. எந்தத் தேதியில் நடப்பில் இருந்த சட்டத்தைப் படிக்கிறோம் என்று கவனிப்பதில்லை.

கூகலில் தொடங்கினால் தடம் மாறிவிடும். ஒப்பந்த மீறல் பற்றித் தேடினால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்து நிற்கும். சிங்கப்பூரில் அப்படியொரு சட்டத் தொகுப்பே கிடையாது; இங்கே ஒப்பந்தச் சட்டம் பெரும்பாலும் தீர்ப்புகளில்தான் இருக்கிறது. தண்டனைச் சட்டம் அப்படியல்ல. இந்தியச் சட்டத்தை அடியொற்றி வந்ததால் இந்தியத் தீர்ப்புகள் அங்கே துணைக்கு வரும், ஆனால் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

சட்ட வாசகத்துக்கு ‘சிங்கப்பூர் ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன்’ என்ற அரசு இணையத்தளம் இருக்கிறது, இலவசம். திறந்ததும் பிரிவுக்குப் பாயாதீர்கள். எந்தத் தேதி நிலவரம் என்று மேலே போட்டிருக்கும். சம்பவம் 2018இல் நடந்திருந்தால் டைம்லைனில் அந்த ஆண்டுக்குப் போய்ப் படிக்க வேண்டும். சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவையும் விடாதீர்கள். பெரும்பாலும் அது 2ஆம் பிரிவாக இருக்கும்.

இனி தீர்ப்பு. [2007] எஸ்ஜிசிஏ 37 என்றால், 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வரிசை எண் 37. ஒருவருக்குக் கவனக் கடமை, அதாவது பிறருக்குத் தீங்கு நேராமல் கவனமாக நடக்கும் கடமை, உண்டா என்று சோதிக்கும் ‘ஸ்பேன்டெக்’ வழக்கு அது. எஸ்ஜிஎச்சி என்றிருந்தால் உயர் நீதிமன்றம். இதே வழக்கு [2007] 4 எஸ்எல்ஆர்(ஆர்) 100 என்றும் வரும்: தீர்ப்புத் தொகுப்பின் 4ஆம் தொகுதி, 100ஆம் பக்கம். இரண்டையும் இரண்டு வழக்காக எண்ணிக் குறிப்பெடுப்பவர்கள் உண்டு. தொகுப்பில் தீர்ப்புக்கு முன்னால் இருக்கும் சுருக்கம் நீதிபதி எழுதியதல்ல, அதை மேற்கோள் காட்டக்கூடாது. உள்ளே போய்ப் பத்தி எண்ணைக் குறியுங்கள்.

தேடுசொல்லுக்கும் தேதி உண்டு. புதிய நீதிமன்ற விதிகள் 2022 ஏப்ரல் 1இல் நடப்புக்கு வந்தன. வழக்குத் தொடுப்பவர் அதுவரை ‘பிளேன்டிஃப்’, அதன்பின் ‘கிளெய்மன்ட்’. ஒன்றை மட்டும் போட்டால் மற்றக் காலத்துத் தீர்ப்புகள் நழுவிவிடும். பழைய தீர்ப்பில் ‘கேப் 224’ (கேப் என்பது சாப்டர், சட்டத்தின் அத்தியாய எண்) என்று வருவதும் இன்றைய ‘தண்டனைச் சட்டம் 1871’தான், அந்தக் கேப் எண்கள் 2021 டிசம்பர் 31 முதல் போய்விட்டன.

தீர்ப்பு கையில் கிடைத்தபின், அது இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். பின்னால் வந்தவை அதை ஏற்றனவா, ஒதுக்கினவா என்பதை லாநெட் என்ற சட்டத் தேடல் தளம் காட்டும். சந்தா சேவை என்பதால் பல்கலைக்கழகக் கணக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும் இ-லிட்டிகேஷன் தளத்தில் வழக்கின் பெயரையே தேடுங்கள். அதைச் சுட்டும் பிந்தைய தீர்ப்புகள் கிடைக்கும். சாட்ஜிபிடி சொன்ன வழக்கையும் அங்கே திறந்து படிக்காமல் எழுதவே எழுதாதீர்கள். இல்லாத வழக்கை எண்ணோடு சேர்த்துப் புனைந்து தந்துவிடும்.

இந்த வாரமே ஸ்பேன்டெக்கைத் திறந்து, நடந்தது என்ன, கேள்வி என்ன, நீதிமன்றம் என்ன சொன்னது என்று பத்தி எண்களோடு ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் தடவை ஒரு முழு மாலை ஆனாலும் பரவாயில்லை.