பேஸ்பால் சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே மேனேஜரை எடைபோட முடியுமா?

பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் களத்தில் அணியை நடத்துபவர். பேட்டிங் வரிசை, பிட்சரை (பந்து வீசுபவரை) எப்போது மாற்றுவது, யாருக்கு ஓய்வு என்பதெல்லாம் அவர் முடிவு. வீரர்களை வாங்குவதும் விடுவிப்பதும் ஜெனரல் மேனேஜரின் வேலை.

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் ஒரு அணிக்கு சீசனில் 162 ஆட்டங்கள். முதல் 20, 30 ஆட்டங்களின் முடிவுகளில் காயங்கள், எதிரணியின் பலம், நன்றாக அடித்த பந்து நேராக ஃபீல்டர் கைக்கே போவது போன்றவற்றின் பங்கு அதிகம். 2019இல் டேவ் மார்டினெஸின் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 31இல் தோற்றது. அதே ஆண்டு, அதே மேனேஜரோடு லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் வென்றது.

சரி, எதைத்தான் கவனிப்பது? பஸ் தாமதமாக வந்தால் காரணம் சாலை நெரிசலாக இருக்கலாம். டிரைவரின் கைப்பழக்கம் அவர் பிரேக் போடுவதில் தெரிந்துவிடும். அப்படித்தான் இதுவும். ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது, ஒரு ரன் முன்னிலை. களைத்துப்போன பிட்சரை இன்னும் வீசவிடுகிறாரா? நேற்றும் முந்தாநாளும் வீசிய ரிலீவரையே (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்சர்) இன்றும் கூப்பிடுகிறாரா? ஏப்ரலில் இப்படி ஜெயித்தால் ஆகஸ்டில் அந்தக் கை ஓய்ந்துவிடும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மேனேஜரை மாற்றினால் அணி உடனே தேறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 6 ஆட்டங்களில் தோற்றதும் மேனேஜரை நீக்கியது, புதியவர் வந்த பிறகும் தொடர்ந்து 15 ஆட்டங்களில் தோற்றது.