விசைப்படகு எஞ்சினுக்கு லாரி ஹெட் கேஸ்கட் போடலாமா?

கேள்வி: தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நிற்கும் எங்கள் விசைப்படகின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கடல் எஞ்சினுக்கான கேஸ்கட் வரத் தாமதமாகும், விலையும் அதிகம் என்கிறார்கள். அதே கம்பெனியின் லாரி கேஸ்கட் வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது. போட்டால் என்ன ஆகும்?

பதில்:

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு. உங்கள் எஞ்சின் பிளாக்குக்குள் ஓடுவது எந்தத் தண்ணீர் என்று நீங்கள் சொல்லவில்லை. அது தெரிந்தால் பதில் ஒரே வரிதான். உள்ளே நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் ஓடினால் பெரும்பாலும் போடலாம். கடல் தண்ணீரே நேராக ஓடினால் வேண்டாம்.

நான் கடலூர் முதுநகரில் டீசல் எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வகையும் விற்கிறேன். விலை கூடியதை விற்றால் எனக்குத்தான் லாபம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் கரையில் ஓடும் விசைப்படகு எஞ்சின்களில் பல, பிறப்பால் லாரி எஞ்சின்கள்தான். அசோக் லேலண்ட் கம்பெனியே தன் லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி விற்கிறது. பிளாக், கிராங்க், பிஸ்டன் எல்லாம் ஏறக்குறைய அதேதான். ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரும், உள்ளே ஓடும் நல்ல தண்ணீரைக் கடல் தண்ணீரால் குளிரவைப்பது அதுதான். கடல் தண்ணீர் இழுக்கத் தனியாக ஒரு பம்ப், தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகை வெளியேறும் குழாய்), படகுக்கான கியர்பாக்ஸ், இவ்வளவும் சேரும். அதனால் மெக்கானிக் "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, டப்பாதான் வேற" என்று சொன்னால் அவர் கதை விடவில்லை. சில எஞ்சின்களில் பார்ட்ஸ் புத்தகத்தைத் திறந்தால் லாரிக்கும் படகுக்கும் ஹெட் கேஸ்கட் நம்பர் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த நம்பரைத்தான். மேலே வைத்துப் பார்த்துப் பொருந்துகிறது என்பது போதாது.

ஏன் போதாது? சில டீசல் எஞ்சின்களுக்கு ஒரே கேஸ்கட் இரண்டு மூன்று கனத்தில் வரும். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்தைத் தாண்டி எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, அதற்கேற்ற கனத்தைப் போட வேண்டும். எந்தக் கனம் என்று தெரிய ஓரத்தில் சின்ன வெட்டோ துளையோ வைத்திருப்பார்கள். கனம் குறைந்ததைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டையோ வால்வையோ தட்டும். கூடியதைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், புகையும். தண்ணீர்த் துளைகளும் அப்படியே. எந்த சிலிண்டர் பக்கம் எவ்வளவு தண்ணீர் மேலே ஏற வேண்டும் என்பதை அந்தத் துளையின் அளவுதான் தீர்மானிக்கிறது. பழையதின் மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துளையாக ஒப்பிடுங்கள்.

இப்போது உப்புக்கு வருவோம். சாதாரண லாரி கேஸ்கட்டின் நடுவில் இருப்பது பெரும்பாலும் இரும்புத் தகடு. கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருப்பதால் லாரியில் அது பல வருஷம் கிடக்கும். அதே தகட்டின் ஓரத்தைச் சூடான கடல் தண்ணீர் தொட ஆரம்பித்தால் தண்ணீர்த் துளையைச் சுற்றித் துரு தின்னும், பிறகு தகடு அடுக்கு அடுக்காகப் பிரியும். கிராஃபைட் பூசிய கேஸ்கட் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புத் தண்ணீரில் இரும்புக்குப் பக்கத்தில் கிராஃபைட் இருந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து, கரைவது இரும்பாகத்தான் இருக்கும். கேஸ்கட் போனால் மாற்றிக்கொள்ளலாம், பிளாக்கின் முகம் குழி விழுந்தால் லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டும். கடல் தண்ணீர் நேராக ஓடும் எஞ்சின்களுக்கான கேஸ்கட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ செம்போ வைப்பது இதற்காகத்தான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த உலோகத்துக்கு.

"எங்களுடையது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த எஞ்சின், உள்ளே நல்ல தண்ணீர்தான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். நடுக்கடலில் டேங்கில் தண்ணீர் குறைந்தால் கையில் கிடைக்கும் வாளியில் எதை மொண்டு ஊற்றுகிறார்கள் என்று உங்கள் டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தடவை கடல் தண்ணீர் உள்ளே போய், கரைக்கு வந்ததும் முழுவதும் வடித்துக் கழுவவில்லை என்றால், மேலே சொன்ன கதை இதற்கும் பொருந்தும். கரையோரத்து போர் தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்புதான். குடிக்கிற தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், படகில் இரண்டு கேன் கூடுதலாகக் கிடக்கட்டும். படகின் அடியில் வெளியே குழாய் ஓட்டிக் குளிரவைக்கும் ஏற்பாடு இருந்தாலும் இதே விதிதான். காற்றில் குளிரும் சின்ன எஞ்சின் வைத்த ஃபைபர் படகுக்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அவுட்போர்டு என்றால் பேச்சுக்கே இடமில்லை. அலுமினிய பிளாக்குக்குள் கடல் தண்ணீர் நேராக ஓடுகிறது, அதற்கென்று வந்ததைத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, வேலைப் பளு. லாரி மேடு ஏறினால் அடுத்த இறக்கத்தில் கொஞ்சம் மூச்சு விடும். வலை இழுக்கும் படகின் எஞ்சின் மணிக்கணக்கில் ஒரே லோடில் உழைக்கும். அதனால் லாரி கேஸ்கட் போடுவதென்றாலும் எஞ்சின் கம்பெனியின் ஒரிஜினலைப் போடுங்கள். எனக்குத் தெரிந்து படகுகளில் சீக்கிரம் போவது லாரி கேஸ்கட் என்பதால் அல்ல, பேரே இல்லாத லோக்கல் கேஸ்கட் என்பதால்தான்.

ஹெட் கேஸ்கட்டைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். டாப்பெட் கவர், ஆயில் சம்ப், டைமிங் கவர் பேக்கிங் எல்லாம் லாரியுடையது தாராளமாகப் போடலாம், அங்கே எண்ணெய் மட்டும்தான். மோசம் செய்வது கடல் தண்ணீர்ப் பம்பின் மூடிக்குக் கீழே இருக்கும் காகிதம் போன்ற பேக்கிங். அதன் கனம்தான் உள்ளே சுற்றும் ரப்பர் இம்பெல்லருக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடைவெளி. கையில் கிடைத்த தடித்த ஷீட்டில் வெட்டிப் போட்டால் பம்ப் சரியாக இழுக்காது, எஞ்சின் சூடேறும், கடைசியில் புது ஹெட் கேஸ்கட்டும் போகும். பழி மட்டும் கேஸ்கட் மேல் விழும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தண்ணீர் சுற்றுகிறது என்றால் அங்கேயும் சமரசம் வேண்டாம். எஞ்சின் நின்றிருக்கும்போது அந்த பேக்கிங் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து நின்றால், மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரை அமுக்க முடியாது அல்லவா.

கடல் தண்ணீர் நேராக ஓடும் எஞ்சினில் லாரி தெர்மோஸ்டாட்டையும் (சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) போடாதீர்கள். லாரியுடையது பெரும்பாலும் 80 டிகிரி அளவில்தான் திறக்கும். கடல் தண்ணீரை அந்தச் சூட்டுக்கு விட்டால் உப்பும் சுண்ணாம்பும் பிளாக்குக்குள் படிந்து வழியை அடைக்கும். இந்த எஞ்சின்களை 60 டிகிரி அளவிலேயே ஓடவைப்பது அதனால்தான்.

சரி, மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஹெட்டையும் பிளாக்கையும் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள், வளைந்திருந்தால் எந்த கேஸ்கட்டும் நிற்காது. போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் காற்றடித்து எடுத்துவிடுங்கள். அடி மூடிய துளையில் தண்ணீர் நிற்க போல்ட்டை முறுக்கினால் பிளாக் வெடிக்கக்கூடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்குங்கள். கை அளவு தெரியும் என்று சொல்பவரிடம் ஹெட் வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

அவசரத்துக்கு என்ன செய்வது? உள்ளே நல்ல தண்ணீர் ஓடி, நம்பரும் கனமும் ஒத்துப்போனால் ஒரிஜினல் லாரி கேஸ்கட்டைப் போட்டுவிட்டுத் தொழிலுக்குப் போங்கள். கடல் தண்ணீர் என்றால் காத்திருங்கள். அடுத்த முறை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போதே ஆர்டர் கொடுத்துவிட்டால் தாமதம் என்ற பேச்சே வராது.

ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளுத்திருந்தால் ஹெட் வேலையோடு நிறுத்தாமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி மாற்றுங்கள், சுத்தமாக வரும் வரை. உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலோடு எஞ்சினைச் சும்மா நிறுத்தி வைத்தால் சில நாளிலேயே பேரிங் துரு பிடிக்கும்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே பதிவிடுங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கருகிப் போயிருந்தால் சூடேறியதோ முறுக்கு தளர்ந்ததோ காரணம். தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அரித்திருந்தால் உங்கள் டேங்கில் உப்பு இருக்கக்கூடும்.